ஸ்னெத்தர்பிக்கு வந்த பிஷப்

ஸ்னெத்தர்பியில் அறுபத்தொரு பேர் இருக்கிறார்கள். ஊருக்குப் பேருந்து கிடையாது. கடை கிடையாது. தபால் நிலையத்தை மூடி இருபது வருஷம் ஆகிறது. ஆனால் ஊர்ப் பெயரில் ஒரு பிஷப் உண்டு.

அது வந்த கதை இப்படி. 1874-ஆம் வருஷம், நாற்பது மைல் தள்ளியிருக்கும் காஸ்விக் நகரத்துப் பெரிய பிஷப்புக்கு வேலைப்பளு தாங்கவில்லை. வாரத்தில் நான்கு விருந்துகள். உதவிக்கு ஒரு சின்ன பிஷப் வேண்டுமென்று கேட்டார். சின்னவரானாலும் அவர் ஏதாவது ஓர் ஊரின் பிஷப்பாக இருந்தாக வேண்டும் என்பது சட்டம். நல்ல ஊர்களையெல்லாம் ஏற்கெனவே ஆளாளுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தை விரித்துத் தேடியபோது, கடலுக்கும் சதுப்புக்கும் நடுவில், சொல்லும்போது கொஞ்சம் கம்பீரமாக ஒலிக்கிற ஒரு பெயர் அகப்பட்டது. அன்றிலிருந்து ‘ஸ்னெத்தர்பி பிஷப்’ என்று ஒரு பதவி. இந்தச் செய்தி ஸ்னெத்தர்பிக்குப் பதினொரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, யாரோ பழைய செய்தித்தாளில் மீன் சுற்றிக் கொண்டுவந்தபோது.

வினிஃப்ரெட் ஹாக்ஸ்பி அந்த ஊர்க் கோயிலின் வார்டன். சாவி, மணிக்கயிறு, கூரை ஒழுகும் இடங்களில் வைக்கிற ஆறு வாளிகள் எல்லாம் அவள் பொறுப்பு. முப்பது வருஷம் பள்ளிக்கூட வண்டி ஓட்டியவள்; இப்போது வயது எழுபத்தொன்று. அவள் புருஷன் ரெஜ், சதுப்பின் வடிகால்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். கடைசிக் காலத்தில் மட்டும் ஒரு நாள் நீளக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். அங்கங்கே குத்தி இறக்கிப் பார்த்துவிட்டுத் தெற்குச் சுவர் ஓரமாக ஓர் இடத்தைக் காட்டினான்.

“நாப்பது வருஷம் தண்ணியில நின்னாச்சு வினி. செத்தப்புறமாவது காலு காஞ்சு கெடக்கட்டும். இங்க ரெண்டு பேருக்குத்தான் காஞ்ச மண்ணு இருக்கு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. மத்ததெல்லாம் ஒரு அடி தோண்டினா ஊத்துதான்.”

அவனைப் புதைத்த வாரமே வினிஃப்ரெட் பக்கத்து இடத்துக்கு மனுப் போட்டாள். அனுமதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஸ்னெத்தர்பி பிஷப். எந்த இடம், ஏன் அந்த இடம், மண் எப்படி என்றெல்லாம் படிவம் கேட்டது. அவள் ரெஜ் சொன்னதை அப்படியே எழுதி, அவன் பென்சிலால் போட்டுவைத்திருந்த வரைபடத்தையும் இணைத்தாள். இரண்டு வருஷத்தில் மூன்று பதில்கள் வந்தன. மூன்றிலும், மனு கிடைத்தது என்று இருந்தது.

பிறகு ஒருநாள் ஆர்ச்டீக்கன் பெரெக்ரின் ஆல்சாப்பிடமிருந்து அழைப்பு வந்தது. ஆர்ச்டீக்கன் என்பவர் பிஷப்புக்கு ஒரு படி கீழே. பிஷப்புக்குத் தெரிய வேண்டாதவற்றையெல்லாம் தெரிந்து வைத்திருப்பவர். வினிஃப்ரெட் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு காஸ்விக் போனாள். பிஷப்பின் வீட்டை அரண்மனை என்பார்கள். பேச்சுக்குத்தான் அப்படி, பதினான்கே படுக்கையறைகள்.

“வாங்க மிஸஸ் ஹாக்ஸ்பி, உக்காருங்க. அய்யோ, அந்த நாற்காலி வேணாம், அது பதினேழாம் நூற்றாண்டு. இப்படி நில்லுங்க, இங்க வெளிச்சம் நல்லாருக்கு” என்றார் ஆல்சாப். “அடுத்த வருஷம் எங்க பிஷப் பதவிக்கு நூத்தைம்பது வயசாகுது. வரலாறு ஒண்ணு போடறோம். தோல் அட்டை. பத்து பிஷப்புக்கு பத்து அதிகாரம். பதினொண்ணாவதா, பிஷப்புங்க உங்க ஊருக்கு வந்துபோன கதை. அதை மந்தையிலேர்ந்து ஒருத்தர் எழுதினா நல்லாருக்கும்னு பிஷப் ஆசைப்படறார்.”

“மந்தைன்னா நானாங்க?”

“ஆவிக்குரிய அர்த்தத்துல.”

“ஐயா, என் மனு ஒண்ணு ரெண்டு வருஷமா...”

“அதுக்கும் அதே பிஷப்தானே கையெழுத்துப் போடணும்?” ஆல்சாப் புன்னகைத்தார். “ஒரு நல்ல அதிகாரத்தைப் புரட்டின கை, ஒரு கையெழுத்துக்குத் தயங்குமா?”

வினிஃப்ரெட்டுக்கு விஷயம் விளங்கியது. ஊருக்குத் திரும்பினாள். கோயிலுக்கு வருகிற பாதிரியார் யாராயிருந்தாலும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுகிற பதிவேடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பூஞ்சையைத் துடைத்துவிட்டு 1874-லிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பிஷப்புகளைப் பற்றி அரண்மனை அனுப்பிய காகிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஆறு வாரம் ஆயிற்று.

முதல் பிஷப் ஆகஸ்டஸ் பெல்விச். சதுப்புக் காற்று நெஞ்சுக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதால், பதவியேற்ற மறுவாரமே பிரான்சின் தென்கரையில் மாந்தோன் என்ற ஊருக்குப் போனவர், அங்கிருந்தே பதினேழு வருஷம் ஸ்னெத்தர்பியை மேய்த்தார். கடைசியில் நெஞ்சு அவரைக் கைவிடவில்லை. சிப்பி தொண்டையில் சிக்கி இறந்தார். இரண்டாமவர் ஊருக்கு நான்கு மைல் வரை வந்தார். வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கியது. திரும்பிப் போய், வனாந்தரத்தில் தாம் பட்ட பாடுகளைப் பற்றிப் பதினாறு பக்கப் பிரசங்கம் எழுதினார். மூன்றாமவர் வேதாகமத்தில் வரும் வெட்டுக்கிளிகளைப் பற்றி மூன்று பாகங்களில் நூல் எழுதியவர். 1912-இல் கடல் உடைத்துப் பதினொரு வீடுகளைக் கொண்டுபோனபோது, பிழைத்தவர்களுக்கு இரண்டாம் பாகத்தை அனுப்பிவைத்தார். நான்காமவர் ஒன்பது வாரம் பிஷப்பாக இருந்தார். அதில் எட்டு வாரம் தையல்காரர் அளவெடுத்தார். ஐந்தாமவர் காது கேளாதவர். ஸ்னெத்தர்பி என்று யாரோ சொன்னதை அவர் கடைசிவரை தும்மல் என்றே நினைத்திருந்தார். ஆறாமவர் போர்க்காலத்தில் ஊரை ஆசீர்வதிக்கப் புறப்பட்டு, வழி தவறி நெத்தர்பி என்ற வேறோர் ஊரை ஆசீர்வதித்தார். அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை.

ஏழாமவர் 1958 ஜூனில் வருவதாக ஒத்துக்கொண்டார். ஊர் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தது. குழந்தைகளைக் காலையிலிருந்து கொடியோடு சாலையோரம் நிறுத்தினார்கள். மழை. சாயங்காலம் தந்தி வந்தது: ஆவியில் உங்களோடு இருக்கிறேன். கொடியோடு நின்ற குழந்தைகளில் வினிஃப்ரெட்டும் ஒருத்தி. அப்போது அவளுக்கு ஐந்து வயது. பதிவேட்டில் அந்தத் தேதியை மட்டும் யாரோ அழகான எழுத்தில் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

எட்டாமவர், ஓர் இடத்துக்கு நேரில் போவது காலாவதியான இறையியல் என்று நூல் எழுதியவர். ஒன்பதாமவர் தம் நாய்க்கு ஸ்னெத்தர்பி என்று பெயர் வைத்திருந்தார். ஊர்மேல் பிரியம் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

“ஏன்டி, ஒருத்தன்கூடவா வரல?” என்று கேட்டாள் மேவிஸ் கிரிம்வுட். பக்கத்து வீட்டுக்காரி, கோயிலில் பியானோ வாசிப்பவள். மூன்று விசைகள் வேலை செய்யாததால் அந்தச் சுரங்கள் வராத பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்து வாசிப்பாள்.

“ஒருத்தனும் வரல.”

“எப்படியும் நாப்பது பக்கமாவது கேப்பாங்களே. என்னத்த எழுதப் போற?”

“நடந்ததத்தான்.”

வினிஃப்ரெட் எழுதிய அதிகாரம் மொத்தம் மூன்று வாக்கியங்கள்: ‘1874 முதல் இன்றுவரை ஸ்னெத்தர்பி பிஷப் எவரும் ஸ்னெத்தர்பிக்கு வரவில்லை. 1958-இல் ஒருவர் வருவதாக இருந்தது. அன்று மழை.’

வரலாற்றுக் குழு அரண்மனையில் கூடியபோது அதை வாசிக்க அவளையே அழைத்தார்கள். ஏழு பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பத்தாவது பிஷப், ஜூலியன் டிரெஸ்காட். உயரமானவர், இனிமையான குரல். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஆழ்ந்து கேட்கிறார் என்று அவரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். வினிஃப்ரெட் வாசித்து முடித்து வெகுநேரம் ஆகியும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆல்சாப் தொண்டையைச் செருமினார். பிஷப் கண் விழித்தார்.

“அழகு” என்றார். “ரொம்ப எளிமை. ஆனா ஒண்ணு சொல்றேன் மிஸஸ் ஹாக்ஸ்பி. வரலங்கிறது உண்மைதான். உண்மைங்கிறது ரொம்பக் குறுகலான விஷயம். நான் நாலு வருஷமா தினம் காலையில ஸ்னெத்தர்பிக்காக ஜெபிக்கிறேன். என் மனசுல உங்க ஊர் எப்படி இருக்கு தெரியுமா? ஒரு சின்ன குன்று, அதுமேல கோயில், கீழ ஆடுங்க.”

“குன்று கெடையாதுங்க. ஆடும் கெடையாது. அஞ்சு மைலுக்கும் தரை தட்டையா இருக்கும். முட்டைக்கோசுதான்.”

“பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் வரல. வந்தா அந்தக் குன்று போயிடும்.”

குழு தலையசைத்தது. ‘வரவில்லை’ என்பதை ‘தொலைவிலிருந்து தாங்கினார்கள்’ என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். ‘ஊரின் தனிமைக்கு மதிப்பளித்தார்கள்’ என்று திருத்தினார் இன்னொருவர். வினிஃப்ரெட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? இப்ப இருக்கிற பிஷப் ஐயாவே ஒரு நடை வந்துட்டுப் போயிடலாமே. நாப்பது மைல்தான். நானே வண்டி ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்.”

அறையில் யாரோ தட்டில் கரண்டியைப் போட்டது பெரிய சத்தமாகக் கேட்டது.

“அது முன்னுதாரணம் ஆயிடும்” என்றார் ஆல்சாப், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல. “இன்னிக்கு வந்தா நாளைக்கும் வரணும். அடுத்து வர்றவரும் வரணும். அப்புறம் பதவி எங்க, ஊர் எங்கன்னு ஜனங்களுக்குக் குழப்பம். நூத்தைம்பது வருஷமா பத்து பேர் கட்டிக் காத்த ஒரு மரபை ஒரு மத்தியானத்துல கலைச்சிட முடியாது. ஆனா மிஸஸ் ஹாக்ஸ்பி சொல்றதுல ஒரு கருத்து இருக்கு. வந்தாத்தான் வந்ததா எழுத முடியும். உயிரோட இருக்கிறவரா வரணும்னு எங்கயும் சட்டம் இல்லையே?”

அவர் ஒரு கடிதக் கட்டை எடுத்து வைத்தார். மாந்தோன் நகரசபை எழுதியவை. பெல்விச் படுத்திருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தை வண்டி நிறுத்தும் இடமாக ஆக்கப் போகிறோம், உங்கள் பிஷப்பை எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஆறு தடவை கேட்டிருந்தார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குள் முடிவாகிவிட்டது. முதல் பிஷப்பை ஸ்னெத்தர்பிக்குக் கொண்டுவருவது. ‘மேய்ப்பன் தன் மந்தைக்குத் திரும்பினான்’ என்று நாற்பது பக்கம் எழுதுவது. போகாத இடத்துக்கு எப்படித் திரும்ப முடியும் என்று வினிஃப்ரெட் கேட்டதை யாரும் குறிப்பில் எழுதவில்லை. வெளியே வரும்போது அவள் ஆல்சாப்பின் அங்கியை லேசாகப் பிடித்து இழுத்தாள்.

“ஐயா, என் மனு?”

“அதை இப்பத்தான் ரொம்ப கவனமா படிச்சிட்டு இருக்கோம். அதுக்குன்னு நில அளவைக்காரரையே வரச் சொல்லியிருக்கேன்.”

அன்று ஊர் திரும்பும்போது வண்டியில் வினிஃப்ரெட் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள். இரண்டு வருஷத்தில் அவள் பாடியது அதுதான் முதல் தடவை.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை பிஷப் வந்தார். முன்னால் கறுப்பு வண்டியில் பெல்விச், பின்னால் வெள்ளை வண்டியில் டிரெஸ்காட், அதற்கும் பின்னால் காஸ்விக் பாடகர் குழு இரண்டு பேருந்துகளில். ஊரே சாலையில் நின்றது. அறுபத்தொரு பேரில் நாற்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மீதிப் பேர் முட்டைக்கோசு வெட்டப் போயிருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கிய டிரெஸ்காட் சுற்றுமுற்றும் பார்த்தார். குன்றைத் தேடுகிறார் என்று வினிஃப்ரெட்டுக்குத் தோன்றியது.

குழி வெட்டியவர்கள் காஸ்விக்கிலிருந்து வந்த ஆட்கள். விடிந்ததிலிருந்து வேலை நடந்தது. கோயிலுக்குள் மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டிருந்த வினிஃப்ரெட்டுக்கு அவர்கள் எங்கே வெட்டுகிறார்கள் என்று பார்க்க நேரமில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் வார்டனுக்குரிய கோலைப் பிடித்துக்கொண்டு நடந்து தெற்குச் சுவர்ப் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தாள். ரெஜின் கல்லுக்கு இரண்டடி தள்ளி, நேர்த்தியாக வெட்டிய குழி. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த பாடகர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

“ஐயா! இது என் இடம்.”

ஆல்சாப் முகத்தில் புன்னகை மாறாமல் அவள் காதருகே குனிந்தார். “உங்க மனுவோட இருந்த வரைபடம் எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு மிஸஸ் ஹாக்ஸ்பி. மூணு இடத்துல தோண்டிப் பாத்தோம், மூணும் கிணறு. ஒரு பிஷப்பைத் தண்ணியில விட முடியுமா? அவருக்கு நெஞ்சு வேற பலவீனம்.”

“அவரு செத்து நூத்து முப்பது வருஷம் ஆச்சு!”

“அதனாலதான் இன்னும் கவனமா பாத்துக்கணும். உங்க புருஷர் மண்ணைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சவர்! உண்மையிலேயே பெரிய சேவை.”

“என் மனுவ நிராகரிச்சிட்டீங்களா?”

“சேச்சே! நேத்துதான் பிஷப் கையெழுத்துப் போட்டார். அனுமதி கொடுத்தாச்சு. இடம் இல்லங்கிறது வேற விஷயம்.”

பாடகர் குழு பாட ஆரம்பித்துவிட்டது. நாற்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோலைக் கீழே போடலாமா, குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளலாமா என்று வினிஃப்ரெட் நினைத்தாள். கால் நகரவில்லை. மழையில் கொடியோடு நிறுத்தியபோது நின்ற கால் அது. கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவளுடைய இடத்தில் பெல்விச் இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள்.

டிரெஸ்காட் பேசினார். “அன்பான ஸ்னெத்தர்பி மக்களே! பதவி பெரிசா, ஊர் பெரிசான்னு சிலர் கேப்பாங்க. ஊருங்க அழியும். கடல் கொண்டுபோகும். ஜனங்க வேலை தேடிப் போயிடுவாங்க. பதவி அழியாது. ஏன்னா அது எந்த ஊரையும் நம்பி இல்ல. இந்த மகான் ஒருநாள்கூட இங்க காலெடுத்து வைக்காமலே பதினேழு வருஷம் உங்களை நேசிச்சார். பக்கத்துல இருக்கிறவங்களை நேசிக்கிறது யாராலயும் முடியும்.”

அவர் கண் கலங்கியது. சதுப்பில் பூக்கிற புல்லின் தூசு வெளியூர்க்காரர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

பிறகு ஆல்சாப் ஒரு தாளை விரித்தார். இவ்வளவு தூரம் வந்தது வந்தோம், இரண்டு வேலையையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ளலாம் என்று சட்டப்பிரிவு யோசனை சொன்னதாம். கூரை ஒழுகுகிறது, ஆராதனைக்கு ஒன்பது பேருக்கு மேல் வருவதில்லை. ஆகையால் இன்று முதல் ஸ்னெத்தர்பி கோயில் மூடப்படுகிறது. சபை கலைக்கப்படுகிறது. கல்லறைத் தோட்டத்தில் இனி அடக்கம் கிடையாது. இறந்துபோகிறவர்களுக்குக் காஸ்விக் நகராட்சி நல்ல ஏற்பாடுகள் செய்திருக்கிறது. பிஷப் பதவி வழக்கம்போல் தொடரும்.

“அப்ப எங்க பிஷப் எதுக்கு?” என்று கூட்டத்திலிருந்து மேவிஸ் கத்தினாள்.

டிரெஸ்காட் அதை ஆழ்ந்து கேட்டார். கண்ணைத் திறந்து, அவளை ஆசீர்வதித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

வருஷக் கடைசியில் புத்தகம் வந்தது. பதினொன்றாம் அதிகாரம் நாற்பத்திரண்டு பக்கம். வினிஃப்ரெட் எழுதியதில் ‘அன்று மழை’ என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெல்விச்சுக்காக வானமே அழுதது என்று அது விரிவாகியிருந்தது. அதே மாதம் கல்லறைத் தோட்டத்தில் மரப்பலகை ஒன்றும் முளைத்தது. மேவிஸ்தான் ஓடிவந்து சொன்னாள். இருவரும் போய் வாசித்தார்கள். ‘இங்கே ஆகஸ்டஸ் பெல்விச் இளைப்பாறுகிறார். அருகில் இருப்பது, அவருக்கு இறுதிவரை ஊழியம் செய்த உண்மையுள்ள வேலைக்காரன் ரெஜ்.’

வினிஃப்ரெட் அரண்மனைக்கு எழுதினாள். என் புருஷன் எவனுக்கும் வேலைக்காரன் இல்லை, அந்த பிஷப் செத்து அறுபது வருஷம் கழித்துப் பிறந்தவன், பலகையைத் திருத்துங்கள் என்று. மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘பலகைகள் குறித்து எழுதும் அதிகாரம் அந்தந்தச் சபையின் வார்டனுக்கு மட்டுமே உண்டு. ஸ்னெத்தர்பி சபை கலைக்கப்பட்டுவிட்டதால் அதற்கு வார்டன் இல்லை. இல்லாதவருக்குப் பதில் எழுத விதிகளில் இடமில்லை. ஆகவே இக்கடிதத்தைப் பதிலாகக் கருத வேண்டாம்.’

மறுநாள் பட்டப்பகலில் வினிஃப்ரெட் திருப்புளியோடு போய்ப் பலகையைக் கழற்றினாள். ஒளிக்கவெல்லாம் இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு தெருவழியே நடந்தாள். முட்டைக்கோசுக்காரர்கள் கையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பிளந்து அடுப்பில் வைத்தாள். ஓக் மரம், நன்றாக எரிந்தது.

அரண்மனை கோபப்படவில்லை. கடலோரக் காற்றுக்கு மரம் தாங்காது என்று முடிவு செய்து, ஏப்ரலில் ஆறடி உயரக் கருங்கல்லை நட்டது. எழுத்தெல்லாம் விரலாழம். வண்டியும் சங்கிலியும் வைத்து எட்டுப் பேர் இறக்கிய கல். அதை இனி யாரும் கழற்ற முடியாது.

அந்த ஆட்கள் போனதும் வினிஃப்ரெட்டும் மேவிஸும் சுவர் ஓரமாக நின்று படித்தார்கள். அதே வாசகம். இறுதிவரை ஊழியம், உண்மையுள்ள வேலைக்காரன், எல்லாம் இருந்தது. பெயரை மட்டும் தப்பாகச் செதுக்கியிருந்தார்கள். ரெஜ் அல்ல, ரெக்ஸ்.

மேவிஸுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “பாவிங்க, நாய்க்கு வைக்கிற பேரை வச்சிருக்கானுங்க பாரு! இந்தத் தடவ விடாதடி வினி. இன்னிக்கே உக்காந்து எழுது.”

வினிஃப்ரெட் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள். பிறகு புருஷன் கல்மேல் விழுந்திருந்த கருங்கல் தூளைக் கையால் தட்டிவிட்டாள்.

“வேணாம்” என்றாள். “எழுதினா திருத்திடுவாங்க.”